மக்கள் சபையும் மேல் சபையும்: வணிகர் அறிய வேண்டிய வேற்றுமைகள்

பேரேடும் நாளேடும் ஒரே கடையின் கணக்குத்தான். ஆயினும் எதை எதில் பதிவது என்று அறியாத கணக்கப்பிள்ளையிடம் எந்த முதலாளியும் கல்லாப் பெட்டியின் சாவியைக் கொடுப்பதில்லை. வியாபாரத்தில் இவ்வளவு கண்ணுங் கருத்துமாக இருக்கும் நம் சகோதரர்களிடம், "நம் நாட்டுப் பார்லிமெண்டில் இரண்டு சபைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் என்ன வேற்றுமை?" என்று கேட்டால், "ஒன்று பெரியது, ஒன்று சிறியது, மற்றபடி இரண்டும் ஒன்றுதான்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. "மேல் சபை என்று பெயர் இருப்பதால் அதுவே அதிகாரத்திலும் மேலானது" என்று எண்ணிக்கொண்டிருப்போரும் உண்டு. இவ்விரு பதில்களும் சரியல்ல.

இந்த அறியாமையால் வரும் நஷ்டம் வேறு யாருக்கும் அல்ல, நமக்கே. வரியைப் பற்றிய மனுவை அதைத் தடுக்க இயலாதவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். தோட்ட நிலத்தைப் பற்றிய முறையீட்டைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டு, அது பேரா மாநில அரசாங்கத்தின் பொறுப்பு என்று பிறகு தெரிந்துகொள்கிறோம். ஆகையினால் இவ்விதழில் இரு சபைகளின் அமைப்பையும், அதிகாரத்தையும், அவற்றில் நமக்குள்ள பங்கையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம். கட்சிச் சார்பு எதுவும் இதில் இல்லை. எக்கட்சியை ஆதரிப்பவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பார்லிமெண்ட் என்பது யாது?

நம் அரசியல் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி பார்லிமெண்ட் என்பது மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது மாட்சிமை தங்கிய மாமன்னர். இரண்டாவது மேல் சபை. மலாயில் டேவான் நெகாரா எனப்படும். மூன்றாவது மக்கள் சபை. டேவான் ரக்யாட் எனப்படும். ஒரு மசோதா சட்டமாவதற்குச் சாதாரணமாக இம்மூன்று வாயில்களையும் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு சபையிலும் மசோதா மூன்று முறை வாசிக்கப்படும். முதல் வாசிப்பு அறிமுகத்திற்கு. இரண்டாவது கொள்கை விவாதத்திற்கு. அதன் பின் குழு நிலையில் ஷரத்து ஷரத்தாக ஆராய்ந்து, மூன்றாம் வாசிப்பில் முடிவு செய்வார்கள். இரு சபைகளும் ஏற்ற பின்னர் மாமன்னரின் ஒப்புதலுக்குச் செல்லும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாமன்னரிடம் சமர்ப்பித்த 30 நாட்களுக்குள் ஒப்புதல் வழங்கப்படாவிடினும் அது ஒப்புதல் பெற்ற சட்டம் போலவே ஆகிவிடும். அரசாங்க கெஜட்டில் வெளியான பிறகே அது அமலுக்கு வரும்.

மக்கள் சபை

மக்கள் சபையில் 222 அங்கத்தினர்கள் இருக்கின்றனர். அனைவரும் தொகுதிவாரியாக மக்களின் வாக்கினால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றவர்கள். நியமனம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை. இந்த 222 தொகுதிகளில் நம் பேராவுக்கு 24 உண்டு. ஈப்போ நகரவாசிகளுக்கு ஈப்போ தீமோர், ஈப்போ பாராட் ஆகிய இரண்டையும் தெரியும். தோட்டப்புறங்களோடு வியாபாரத் தொடர்புள்ளவர்களுக்குச் சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தாப்பா, தெலுக் இந்தான், பாகான் டத்தோ, தஞ்சோங் மாலிம் என்ற பெயர்களெல்லாம் பழக்கமானவை.

இச்சபையின் ஆயுள் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். அதற்கு முன்னரும் கலைக்கப்படலாம். பிரதம மந்திரியாக வருபவர் இச்சபையின் அங்கத்தினராகத்தான் இருக்க வேண்டும். இச்சபையின் பெரும்பான்மையோருடைய நம்பிக்கையைப் பெற்றவராகவும் இருக்க வேண்டும். அரசாங்கத்தை உண்டாக்குவதும் கவிழ்ப்பதும் இச்சபையே என்பது இதனால் விளங்கும். இதில் அங்கத்தினராவதற்கு முன்பு 21 வயது வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 18 ஆகக் குறைந்தது.

மேல் சபை

மேல் சபையில் 70 இடங்கள் உள்ளன. இவற்றில் ஒன்றுக்கேனும் பொதுமக்கள் நேரடியாக வோட்டுப் போடுவதில்லை. 13 மாநிலங்களின் சட்டசபைகளும் தலைக்கு இருவராக 26 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. மீதி 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகின்றனர். அவர்களுள் நால்வர் கூட்டரசுப் பிரதேசங்களுக்கு உரியவர்கள்: கோலாலம்பூருக்கு இருவர், புத்ராஜெயாவுக்கும் லாபுவானுக்கும் ஒவ்வொருவர். எஞ்சிய 40 பேர் பொதுவான நியமனம்.

செனட்டரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஒருவர் இரண்டு தவணைகளுக்கு மேல் இருக்க இயலாது. குறைந்தது 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் சபை கலைக்கப்படுவதில்லை. மக்கள் சபை கலைந்து நாடெங்கும் தேர்தல் நடந்தாலும், செனட்டர் தம் மூன்றாண்டுத் தவணை முடியும்வரை பதவியில் இருப்பார். மாநிலச் சட்டசபை கலைந்தாலும் அச்சபை அனுப்பிய செனட்டரின் பதவி அதனால் போய்விடாது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

யாரை நியமிக்கலாம் என்பதை அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு எடுத்துச் சொல்கிறது. பொதுச் சேவையில் சிறந்து விளங்கியவர். தொழில்முறைப் பணிகள், வர்த்தகம், கைத்தொழில், விவசாயம், கலாசாரம், சமூக சேவை ஆகியவற்றில் புகழ் ஈட்டியவர். சிறுபான்மை இனங்களின் பிரதிநிதி. பூர்வகுடி மக்களின் நலனை எடுத்துரைக்க வல்லவர். இப்பட்டியலில் வர்த்தகம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். இந்தியாவின் ராஜ்ய சபைக்கு 12 பேரை ஜனாதிபதி நியமிக்கிறார். அங்கே இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகிய நான்கும் மட்டுமே தகுதிகளாகச் சொல்லப்பட்டுள்ளன. வர்த்தகம் அப்பட்டியலில் இல்லை. நம் நாட்டில் வணிகருக்கும் சிறுபான்மையினருக்கும் மேல் சபையில் இடமளிக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. சுதந்திரத்திற்குப் பிந்திய ஆரம்ப ஆண்டுகளில், இந்திய வர்த்தக சங்கத் தலைவர்களுள் ஒருவராகிய ஜனாப் எஸ். ஓ. கே. உபைதுல்லா அவர்கள் நியமன அங்கத்தினராக அச்சபையில் அமர்ந்திருந்ததை நம் பெரியோர்கள் அறிவார்கள்.

இரண்டு சபைகள் ஏன் வந்தன?

1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது சட்டசபை ஒன்றுதான் இருந்தது. அக்கூட்டரசுச் சட்டசபையில் தேர்தலுக்கு விடப்பட்ட இடங்கள் 52. அவற்றில் 51 இடங்களை அல்லயன்ஸ் கட்சி வென்றது. தப்பிய ஒரேயொரு இடம் எது தெரியுமா? நம் பேராவைச் சேர்ந்த கிரியான் தொகுதி. அங்கே பாஸ் கட்சி வென்றது. நாட்டின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட எதிர்க்கட்சி அங்கத்தினரை அனுப்பிய பெருமை பேராவையே சாரும்.

பின்னர் சுதந்திர மலாயாவுக்கு அரசியல் சட்டம் வகுக்க ரீட் பிரபுவின் தலைமையில் ஐவர் கமிஷன் அமைந்தது. இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோரும் அதில் இருந்தனர். இரண்டு சபைகள் வேண்டும் என்று அக்கமிஷன் சிபாரிசு செய்தது. மக்கள் தொகைக்கேற்ப அமைந்த சபையில் பெரிய மாநிலங்களின் குரலே ஓங்கும். பெர்லிஸ் போன்ற சிறு மாநிலங்களின் குரல் அமுங்கிவிடும். இன்றும் மக்கள் சபையில் பேராவுக்கு 24 இடங்கள் இருக்கப் பெர்லிஸுக்கு மூன்றுதான். மேல் சபையிலோ பேராவுக்கும் இருவர், பெர்லிஸுக்கும் இருவர். கூட்டாட்சியில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு பங்காளி. பங்கு சிறியதாயினும் பங்காளிக்குரிய மரியாதை ஒன்றே என்பது இதன் தத்துவம்.

மக்கள் சபை அவசரப்பட்டு நிறைவேற்றுவதை மற்றொரு சபை நிதானமாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது காரணம். கடையில் சரக்கை ஒருவர் நிறுத்து, மற்றொருவர் சரிபார்த்துச் சீட்டு எழுதுவதில்லையா? அது போலத்தான்.

பண விஷயத்தில் ஒரு மாதம்

வணிகர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

வரி விதித்தல், வரியை நீக்குதல், அரசாங்கக் கஜானாவிலிருந்து செலவு செய்தல் ஆகியவற்றைப் பற்றிய மசோதாக்களை மேல் சபையில் ஆரம்பிக்கவே முடியாது. மந்திரி ஒருவர் மக்கள் சபையில்தான் கொண்டுவர வேண்டும். எது பண மசோதா என்று சான்றளிப்பவர் மக்கள் சபையின் சபாநாயகர். மக்கள் சபை நிறைவேற்றி அனுப்பிய பண மசோதாவை மேல் சபை ஒரு மாதத்திற்குள் திருத்தமின்றி ஏற்காவிட்டால், அது மேல் சபையின் சம்மதமில்லாமலேயே மாமன்னரின் ஒப்புதலுக்குப் போய்விடும். மக்களின் பணத்தில் கை வைக்க, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு என்பதே இதன் அடிப்படை. பிரிட்டனில் பிரபுக்கள் சபைக்கும் மக்கள் சபைக்கும் ஏற்பட்ட பெரும் தகராறுக்குப் பிறகு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்த ஒரு மாதக் கணக்கே இங்கும் இருக்கிறது. இந்தியாவில் ராஜ்ய சபைக்குள்ள அவகாசம் இன்னும் குறைவு, 14 நாட்கள்தான்.

ஏனைய மசோதாக்களில் ஓர் ஆண்டு

பணத்தைப் பற்றியதல்லாத சாதாரண மசோதாவை மேல் சபை நிராகரிக்கலாம். அல்லது திருத்தம் கேட்கலாம். ஆனால் அது நிரந்தரமான தடையாகாது. குறைந்தது ஓர் ஆண்டு கழிந்த பின், அடுத்த கூட்டத்தொடரில் மக்கள் சபை அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், மேல் சபை மறுபடி மறுத்தாலும் அது மாமன்னரிடம் சென்றுவிடும். ஆகவே மேல் சபையின் கையில் இருப்பது பூட்டன்று, தாழ்ப்பாள் மட்டுமே.

அரசியல் சட்டத்தைத் திருத்துவதில் இரண்டும் சமம்

இங்கேதான் மேல் சபைக்கு உண்மையான பலம் இருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்த, பெரும்பாலான ஷரத்துகளுக்கு, இரு சபைகளிலும் மொத்த அங்கத்தினரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும். அதாவது மக்கள் சபையில் 222க்கு 148 பேர். மேல் சபையில் 70க்கு 47 பேர். இவ்விஷயத்தில் ஓராண்டு விதி செல்லாது. மேல் சபை மறுத்தால் மறுத்ததுதான். சில முக்கிய ஷரத்துகளுக்கு ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதமும் தேவை. வோட்டுரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த திருத்தம் 2019 ஜூலை மாதத்தில் இவ்வாறே இரு சபைகளிலும் நிறைவேறியது. நம் வீட்டுப் பிள்ளைகள் 18 வயதில் வோட்டுப் போடுவதற்கு இரு சபைகளும் சேர்ந்தே கதவைத் திறந்தன.

2018ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

மேற்சொன்ன விதிகளெல்லாம் ஏட்டில் மட்டும் இருப்பவையல்ல என்பதை 2018ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது.

அவ்வாண்டு மே 9ஆம் தேதி நடந்த 14ஆவது பொதுத்தேர்தலில் அரசாங்கம் மாறியது. ஆனால் மேல் சபை மாறவில்லை. முன்னிருந்த ஆட்சிக் காலத்தில் வந்த செனட்டர்கள் தத்தம் தவணை முடியும்வரை இருந்தனர். கீழே புதிய பெரும்பான்மை. மேலே பழைய பெரும்பான்மை.

ஜி.எஸ்.டி. என்ற பொருள், சேவை வரியை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காடாக வந்தது. ஒவ்வொரு ரசீதையும் பாதுகாத்துக் கணக்குக் கொடுக்கச் சிறு கடைக்காரர்கள் பட்டபாடு கொஞ்சமன்று. புதிய அரசாங்கம் 2018 ஜூன் 1 முதல் அந்த வரியின் வீதத்தைப் பூஜ்யமாக்கியது. அப்போது பார்லிமெண்ட் கூடியிருக்கவில்லை. புதிய மக்கள் சபை கூடியது ஜூலை 16ஆம் தேதிதான். அப்படியானால் எப்படி முடிந்தது? வரியின் வீதத்தை உத்தரவின் மூலம் மாற்ற மந்திரிக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தையே ரத்து செய்வதற்கு மசோதா வேண்டும். அம்மசோதா ஆகஸ்டு மாதத்தில் மக்கள் சபையில் நிறைவேறி, அம்மாதத்திலேயே மேல் சபையிலும் நிறைவேறியது. செப்டம்பர் 1 முதல் விற்பனை வரியும் சேவை வரியும் அதனிடத்தில் வந்தன.

அதே ஆகஸ்டு மாதத்தில் வேறொரு மசோதாவும் மக்கள் சபையில் நிறைவேறியது. பொய்ச் செய்தித் தடைச் சட்டம் என்று 2018 ஏப்ரல் மாதத்தில், தேர்தலுக்குச் சற்று முன்பாக, ஒரு சட்டம் வந்திருந்தது. குற்றத்திற்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை. அதை ரத்து செய்யும் மசோதாவை மக்கள் சபை ஆகஸ்டு 16ஆம் தேதி ஏற்றது. ஆனால் செப்டம்பர் 12ஆம் தேதி மேல் சபை அதை நிராகரித்துவிட்டது. மக்கள் சபை ஏற்ற மசோதாவை மேல் சபை தள்ளியது நாடெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது. அரசாங்கம் என்ன செய்தது? விதிப்படி ஓராண்டு காத்திருந்தது. 2019 அக்டோபர் 9ஆம் தேதி மக்கள் சபை மீண்டும் நிறைவேற்றியது. டிசம்பரில் மேல் சபையும் ஏற்றுக்கொண்டது.

வரியைப் பற்றிய மசோதாவை மேல் சபை விரும்பினாலும் ஒரு மாதத்திற்கு மேல் நிறுத்தியிருக்க முடியாது. மற்றொன்றை ஓராண்டுக்கு மேல் நிறுத்த முடிந்தது. இரு சபைகளின் வேற்றுமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மேல் சபை தேவைதானா?

இக்கேள்வி பலராலும் கேட்கப்படுவது. இரு பக்கத்தையும் பார்ப்போம்.

வேண்டாம் என்போர் கூறுவது: ஆரம்பத்தில் மேல் சபையின் 38 அங்கத்தினரில் மாநிலங்கள் அனுப்பியவர் 22 பேர், நியமனம் பெற்றவர் 16 பேர். மாநிலங்களுக்கே பெரும்பான்மை இருந்தது. இப்போதோ மாநிலங்களுக்கு 26, நியமனம் 44. தராசின் தட்டு மாறிவிட்டது. மாநிலங்களின் சபை என்ற மூலநோக்கம் பலவீனமடைந்துவிட்டது. மேலும், தேர்தலில் நில்லாதவர் அல்லது தோற்றவர் மந்திரியாக வருவதற்கு அது பின்வாசலாகிறது என்பதும் குறையாகச் சொல்லப்படுகிறது. வெளிநாடுகளிலும் இவ்வாறு குறை கண்டவர்கள் உண்டு. இலங்கை தன் செனட் சபையை 1971இல் ஒழித்தது. தமிழ்நாட்டின் சட்ட மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. இரண்டும் இல்லாமலேயே அங்கெல்லாம் சட்டங்கள் இயற்றப்படுகின்றன.

வேண்டும் என்போர் கூறுவது: தேர்தலில் நின்று வெல்ல இயலாத சிறு சமூகங்களுக்கும், அரசியலில் இறங்காத அறிஞர்களுக்கும், வணிகர்களுக்கும் வேறு எங்கே இடம்? எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாத நம் போன்ற சமூகத்துக்கு இது முக்கியமான வாதம். அன்றியும், அரசியல் சட்டத்தை ஒரே சபை ஒரே நாளில் திருத்திவிடாதபடி காவல் நிற்பதும் அதுதானே?

நம் கருத்து இது. சபை இருப்பது நன்று. ஆனால் அதன் மூலநோக்கத்திற்கு அது திரும்ப வேண்டும். அதற்கான வழியையும் 45ஆம் பிரிவே சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்கு இருவர் என்பதை மூவராக்கவும், அவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்யவும், நியமனங்களைக் குறைக்கவும் அல்லது நீக்கவும் பார்லிமெண்ட் சட்டம் இயற்றலாம். அவ்வழி இதுவரை பயன்படுத்தப்படவில்லை.

நியமனமா, வாக்கா?

இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். நம்மவர் கூடும் கூட்டங்களில், "நம் சமூகத்துக்கு ஒரு செனட்டர் வேண்டும்" என்ற தீர்மானத்துக்குக் கிடைக்கும் கைதட்டல், "எல்லோரும் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சரிபாருங்கள்" என்ற வேண்டுகோளுக்குக் கிடைப்பதில்லை. செனட்டர் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒருவர் இருந்தால் நம் குறையைச் சபையில் எழுப்புவார். மந்திரியைக் கேள்வி கேட்பார். அது பெரிய உதவியே. ஆனால் அவரால் ஒரு வரியைத் தடுக்க முடியாது. ஓர் அரசாங்கத்தை ஆக்கவோ நீக்கவோ முடியாது. தொகுதி எல்லையை மாற்றும்போது ஒரு வாக்குக்கூடச் செலுத்த முடியாது.

பேராவின் வரலாறே இதற்குச் சான்று. துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1955 முதல் மக்களின் வாக்கைப் பெற்றுச் சபைக்குச் சென்றவர். ஆங்கிலேயர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுச் சென்றபோது, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஈப்போ வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகம் அவர்களோ எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து, 1957 இடைத்தேர்தல் முதல் 1969இல் மறையும்வரை ஈப்போவின் குரலாக ஒலித்தவர். ஒருவர் அரசாங்கப் பக்கம். மற்றவர் எதிர்ப் பக்கம். இருவருக்கும் வலிமை தந்தது தொகுதி மக்களின் வாக்கு. இந்தியாவில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள் 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் இருந்தார்கள். அதோடு நிற்காமல் 1962இல் மஞ்சேரித் தொகுதியில் மக்களிடமே வாக்குக் கேட்டு லோக சபைக்குச் சென்றார்கள். 1972இல் மறையும்வரை அத்தொகுதியின் அங்கத்தினராகவே இருந்தார்கள். இரு சபைகளையும் கண்ட பெரியவர் நாடிச் சென்றது மக்களின் வாக்கைத்தான்.

தோட்டம் போனது, தொகுதி?

சம்பள நாளன்று தோட்டத்து மக்கள் நிரம்பி வழிந்த கடைத்தெருக்களை நம் மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். பால்மரங்கள் வெட்டப்பட்டு, சில இடங்களில் செம்பனையும் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நம்மவர் கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது? வீடு ஒரு தொகுதியில், பெயர் மற்றொரு தொகுதியில் என்றால் இருவருக்கும் பயனில்லை.

தொகுதி எல்லைகளைத் தேர்தல் ஆணையம் சீரமைக்கிறது. ஒரு சீரமைப்புக்கும் மறு சீரமைப்புக்கும் இடையே குறைந்தது எட்டு ஆண்டுகள் கழிய வேண்டும். தீபகற்ப மலேசியாவுக்கான சீரமைப்பை மக்கள் சபை 2018 மார்ச் 28ஆம் தேதி ஏற்றது. எட்டு ஆண்டு என்பது 2026இல் நிறைவுறும் கணக்கு. இதை ஏற்க மக்கள் சபையின் மொத்த அங்கத்தினரில் பாதிப்பேரின், அதாவது 111 பேரின், ஆதரவு போதும். மேல் சபைக்கு இது போவதே இல்லை! தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதானால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தமாகி இரு சபைகளுக்கும் செல்லும்.

ஆணையம் தன் யோசனையை வெளியிடும்போது, பாதிக்கப்படும் தொகுதியின் பட்டியலில் உள்ள வாக்காளர்கள் 100 பேர் ஒன்று சேர்ந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அவ்வாறு வந்தால் விசாரணை நடத்தப்பட வேண்டும். 100 பேர் என்பது பெரிய தொகையா? ஒரு பழைய தோட்டத்து மக்களும், அவர்களோடு பற்று வரவு வைத்திருந்த நாலைந்து கடைக்காரர்களும் கூடினால் சேர்ந்துவிடும் தொகைதான். முன்கூட்டி அறிந்திருந்தால் முடியும், அறியாவிட்டால் முடியாது.

எதற்கு எந்த வாசல்?

இதுகாறும் கூறியவற்றை நடைமுறைக்கு ஏற்பச் சுருக்கித் தருகிறோம்.

1. வரி, சுங்கம், பட்ஜெட் ஆகியவை பற்றிய குறையைத் தொகுதியின் மக்கள் சபை அங்கத்தினரிடம், பட்ஜெட் சபைக்கு வருமுன்பே சொல்ல வேண்டும். வந்த பிறகு மேல் சபையை நாடுவதால் பெரும் பயன் இல்லை.

2. வெளிநாட்டுப் பணியாளர் அனுமதி போன்றவை பெரும்பாலும் மந்திரிகளின் முடிவுகள். இவை பற்றி இரு சபைகளிலும் கேள்வி கேட்கலாம். இங்கே செனட்டரும் உதவ முடியும்.

3. வரியல்லாத புதுச் சட்டம் ஒன்று தொழிலைப் பாதிக்குமானால், மக்கள் சபையில் தவறவிட்டதை மேல் சபையில் எடுத்துரைக்க இரண்டாவது வாய்ப்பு உண்டு.

4. தோட்ட நிலம், பள்ளிவாசல் நிலம், தமிழ்ப்பள்ளி நிலம், கடை லைசென்ஸ், நகராண்மைக் கழக விவகாரங்கள் ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்குச் சட்டசபை அங்கத்தினரையும் நகராண்மைக் கழகத்தையும் நாட வேண்டும்.

5. தொகுதி எல்லை விஷயத்தில் தேர்தல் ஆணையத்தின் விசாரணைதான் முதல் வாசல். அடுத்தது மக்கள் சபை.

இன்னொன்றையும் மறத்தலாகாது. பேரா சட்டசபையின் 59 அங்கத்தினர்களே பேராவின் இரு செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலால் சட்டசபைக்கு நாம் போடும் வோட்டு ஈப்போவோடு நின்றுவிடுவதில்லை. அது மேல் சபை வரை செல்கிறது. "சட்டசபைத் தேர்தல்தானே" என்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வோட்டுப் போடாமல் இருப்பவர், இரண்டு சபைகளில் தமக்குள்ள பங்கை ஒரே நாளில் இழக்கிறார்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானோர் தாமாகவே வாக்காளராகப் பதிவாகின்றனர். ஆனால் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு நில்லாமல், ஆணையத்தின் பட்டியலிலும் பெயர் எத்தொகுதியில் உள்ளது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை செய்யும் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதை நினைவூட்டுங்கள்.

இளைஞர்களுக்குச் சில கேள்விகள்

படித்ததை மனத்தில் நிறுத்த, வீட்டுப் பிள்ளைகளிடம் பெற்றோர் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

மக்கள் சபைக்கும் மேல் சபைக்கும் எத்தனை அங்கத்தினர்கள்? அவர்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர் எவர்? பண மசோதாவை மேல் சபை எவ்வளவு காலம் நிறுத்தலாம்? மற்றவற்றை எவ்வளவு காலம்? 2018இல் அரசாங்கம் மாறியும் மேல் சபை மாறாதது ஏன்? பேராவின் செனட்டர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை வோட்டுச் சீட்டைக் கையில் வாங்கும்போது அதன் மதிப்பை அறிந்து வாங்கும். கொள்முதல் விலை தெரியாமல் சரக்கை விற்பவன் நஷ்டப்படுவான் என்பது நம் தொழிலின் முதல் பாடம். வாக்கின் விலை தெரியாதவர் நிலையும் அதுவே. நாம் அறிந்து, பிறருக்கும் அறிவித்து, நம் பங்கைத் தவறாமல் செலுத்துவோமாக.